பூவும் புரையும்

எங்கள் பக்கத்தில் கண் மங்கிய ஒருவரைப் பற்றிப் பேசும்போது இரண்டு சொற்கள் வழங்கும். ஒன்று பூ, மற்றையது புரை. "அவருக்குக் கண்ணிலே பூ விழுந்திட்டுது" என்றால் கண்ணின் முன்புறத்தில், கருமணிக்கு மேலே, ஒரு வெள்ளைத் தழும்பு படிந்திருக்கிறது என்று பொருள். புரை என்றால் கோளாறு அதற்கும் பின்னால், கண்ணுக்குள்ளே இருக்கும் வில்லையில். இரண்டும் வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு இடத்து நோய்கள் என்பதை வைத்தியக் கல்வியின் வாசனையே அறியாத எங்கள் ஆச்சிமார் அறிந்து வைத்திருந்தனர்.

பூ விழுகின்ற அந்த முன்புறப் படலத்தை இலங்கைப் பாடநூல்கள் விழிவெண்படலம் என்கின்றன. தமிழகப் பத்திரிகைகள் கருவிழி என்று எழுதுகின்றன. ஒளி தடையின்றி ஊடுருவும், ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புடைய அந்தப் படலத்துக்கு வெண்மையும் இல்லை, கருமையும் இல்லை. பாடநூற் சொல்லிலேயே பழகியவன் என்பதால் இக்கட்டுரையில் விழிவெண்படலம் என்றே எழுதுகிறேன்.

பூவும் புரையும் ஒரே கண்ணில் சேர்ந்து வந்தால் என்ன செய்வது? பழுதடைந்த விழிவெண்படலத்தை மாற்றுவதையும் புரையை அகற்றுவதையும் ஒரே நாளில், ஒரே மேசையில் செய்துவிடலாமா? அல்லது முதலில் ஒன்று, ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து மற்றொன்று என்று போவதா? கண் வைத்தியர்கள் அறுபது ஆண்டுகளாக விவாதித்து வரும் கேள்வி இது. வன்னிப் பெருநிலத்தில் அக்கேள்விக்கு வைத்தியத்துக்கு வெளியே இருந்து விடை வந்தது. அந்த வரலாற்றையே இங்கு சொல்ல முனைகிறேன்.

பூ எப்படி விழுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். முற்காலத்தில் வைசூரி ஒரு பெருங்காரணம். உயிர்ச்சத்து ஏ பற்றாக்குறையால் குழந்தைகளுக்கு முதலில் மாலைக்கண் வரும், பின்னர் விழிவெண்படலமே கரைந்து தழும்பாகும். வைசூரி ஒழிந்தது, உயிர்ச்சத்துக் குறையும் வெகுவாகத் தணிந்தது. எஞ்சி நிற்பது வயல். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களை நம்பி நெல் விளைவிக்கும் மண்ணில், அருவி வெட்டும் காலத்திலும் சூடடிக்கும் காலத்திலும் நெற்சுணையோ உமியோ வைக்கோல் துணுக்கோ கண்ணில் படுவது அன்றாட நிகழ்ச்சி. அந்தச் சிறு கீறலின் வழியாகப் பூஞ்சணம் உள்ளே போகும். தாய்ப்பால் விடுவார்கள், நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவார்கள். அதிலும் கெடுதலானது மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விடும் ஸ்டீரோயிட் துளி. பூஞ்சணத்துக்கு அது பசளை போட்டது போலாகிவிடும். சில வாரங்களில் புண் ஆறும். ஆறிய இடத்தில் பூ நிற்கும்.

இது வன்னிக்கு மட்டும் உரிய கதையன்று. மதுரையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் விழிவெண்படலப் புண்ணோடு வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது தெரியவந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாதிப்பேர் வரை பூஞ்சணத் தொற்றுக்கு உள்ளானவர்கள். நெல் விளையும் தமிழ் நிலங்கள் எங்கும் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

வன்னிக்கென்று கூடுதலாக ஒரு காரணம் உண்டு, அது எறிகணை. எறிகணைச் சிதறலோ கண்ணிவெடியின் மண்ணும் உலோகத் துகளும் கலந்த வீச்சோ கண்ணில் பட்டால் விழிவெண்படலம் கிழிந்து தழும்பாகும். உள்ளே இருக்கும் வில்லையும் அடிபட்டுச் சில நாட்களிலோ சில ஆண்டுகளிலோ புரையாகும். எழுபது வயதில் வரவேண்டிய புரை பன்னிரண்டு வயதில் வரும். பூவும் புரையும் ஒரே கண்ணில் ஒரே கணத்தில் விதைக்கப்படுவது இவ்வாறுதான்.

இனி, சிகிச்சையின் வரலாறு.

1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி, அன்றைய ஒஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த ஒல்மூட்ஸ் நகரில், எடுவார்ட் சிர்ம் என்னும் வைத்தியர், சுண்ணாம்பு தெறித்து இரு கண்களும் வெந்துபோன அலோய்ஸ் குளோகர் என்ற தொழிலாளிக்கு விழிவெண்படலம் பொருத்தினார். இரும்புத் துகள் பாய்ந்ததால் அகற்ற வேண்டியிருந்த பதினொரு வயதுச் சிறுவனொருவனின் கண்ணிலிருந்து அது பெறப்பட்டது. ஒரு கண்ணில் வைத்தது பழுதாயிற்று, மற்றைய கண்ணில் வைத்தது தெளிவாகவே நின்றது. மனிதருக்கு முழுத்தடிப்பு விழிவெண்படலம் பொருத்தி வெற்றிகண்ட முதல் சிகிச்சை இதுவே. பெற்றவரின் கண்ணைக் கெடுத்தது சுண்ணாம்பு, கொடுத்தவனின் கண்ணைக் கெடுத்தது இரும்பு என்பதைக் கவனியுங்கள். வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கும் வழக்கமுள்ள எமக்கும், இரும்புச் சிதறலை அறிந்த எமக்கும் அவ்விருவரும் தூரத்து மனிதர் அல்லர்.

1930களில் ஒடெசா நகரில் விளடிமிர் ஃபிலாட்டோவ், இறந்தவர்களின் கண்களிலிருந்தே விழிவெண்படலத்தைப் பெறலாம் என்பதை நூற்றுக்கணக்கான சிகிச்சைகள் மூலம் நிலைநாட்டினார். 1944இல் நியூயோர்க்கில் டவுன்லி பேட்டன் கண் வங்கியை நிறுவினார். அடுத்த ஆண்டிலேயே, 1945இல், சென்னை எழும்பூர் அரசினர் கண் வைத்தியசாலையில் டொக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா இந்தியாவின் முதலாவது கண் வங்கியைத் தொடங்கினார். நியூயோர்க்குக்கும் எழும்பூருக்கும் இடையில் ஓராண்டுதான் இடைவெளி. தமிழர்கள் இதனை அதிகம் பேசுவதில்லை.

இலங்கையின் கதை வேறுவிதமாக அமைந்தது. இங்கே இயக்கத்தைத் தொடங்கியவர் ஒரு மாணவர். 1958இல், மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்த ஹட்சன் சில்வா, இறந்தபின் கண்களைத் தானம் செய்யுமாறு பத்திரிகை வாயிலாக வேண்டுகோள் விடுத்தார். 1960இல் அவருடைய தாயார் காலமானபோது, அந்தத் தாயின் விழிவெண்படலத்தை ஏழை விவசாயி ஒருவருக்குப் பொருத்தினார். 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் உருவானது. 1964இல் வெசாக் காலத்தில், தேநீர் கொண்டு செல்லும் சாதாரணத் தேர்மோஸ் குடுவையில் பனிக்கட்டியிட்டு, சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அதன் பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இலங்கையரின் கண்கள் சென்றிருக்கின்றன. 1996 நவம்பரில் ஜே.ஆர். ஜெயவர்தனா இறந்தபோது அவருடைய கண்களும் தானமாகின. ஒன்றின் விழிவெண்படலம் ஜப்பானுக்குச் சென்றது. அவருடைய பெயர் தமிழருக்கு வேறு எதனை நினைவூட்டும் என்பதை நான் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டும் வரலாறுதான்.

ஹட்சன் சில்வாவின் இயக்கம் தெற்கின் விகாரைகளை அண்டியே வளர்ந்தது. பௌத்த ஜாதகக் கதையில் சிபி மன்னன் இரந்து வந்தவனுக்குத் தன் இரு கண்களையும் ஈந்தான். நம் மரபிலும் சிபி உண்டு. ஆனால் நம்முடைய சிபி புறாவுக்காகத் தசையை அரிந்து கொடுத்தவன், சோழர் குலத்து முன்னோன். கண்ணை ஈந்தவர் என்று நாம் அறிந்தவர் கண்ணப்பர். அம்பினால் தம் கண்ணை அகழ்ந்து காளத்தியப்பரின் கண்ணில் அப்பிய அந்த வேடர், இன்றைய மொழியில் சொன்னால், மாற்றுச் சிகிச்சை செய்தவர்! தமிழகத்துக் கண்தானப் பிரசாரங்களில் கண்ணப்பரை அழைக்காத மேடை குறைவு. ஈழத்துச் சைவக் கோயில்களிலோ பெரியபுராணப் படிப்பு தலைமுறை தலைமுறையாக நடந்தும், கண்ணப்பர் தானப் பத்திரத்தில் கையொப்பமிடச் சொல்லவில்லை. கண்ணை எடுக்கவேண்டியது மரணம் நிகழ்ந்த சில மணித்தியாலங்களுக்குள். கண் வங்கியின் வாகனம் வந்து சேரக்கூடிய தூரத்தில் மரணம் நிகழ வேண்டும். போர்க்கால வன்னியில் மரணத்துக்குக் குறைவில்லை. வாகனந்தான் வரக்கூடிய நிலையில் இல்லை.

இப்போது இரு சிகிச்சைகளையும் ஒன்றாகச் செய்வது பற்றிய கேள்விக்கு வருவோம்.

விழிவெண்படல மாற்றில், கண்ணின் நடுவே ஏழு அல்லது எட்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டமொன்றை வெட்டி எடுப்பார்கள். அந்தக் கணத்தில் கண் கூரையில்லாத வீடு போல நிற்கும். 'ஓபன் ஸ்கை', அதாவது திறந்த வானம் என்று வைத்தியர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வாறு திறந்திருக்கும்போது உள்ளே புரை தெரிந்தால், அதையும் எடுத்துவிட்டுப் பிறகு மூடலாமே என்ற எண்ணம் இயல்பானது. 1966இல் அமெரிக்காவில் கட்சின், மெல்ட்சர் என்ற இரு வைத்தியர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்த அனுபவத்தை மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டனர். அக்காலத்தில் புரையை எடுத்தபின் உள்ளே எதுவும் வைப்பதில்லை. நோயாளி சோடாப்போத்தல் அடி போன்ற தடித்த கண்ணாடி அணியவேண்டும்.

செயற்கை வில்லை என்ற எண்ணமும் ஒரு போரிலிருந்து பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களுக்குள் புகுந்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள், எவ்வித அழற்சியும் ஏற்படுத்தாமல் அங்கேயே கிடந்ததை லண்டன் வைத்தியர் ஹரல்ட் ரிட்லி கவனித்தார். 1949 நவம்பர் 29இல் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த வில்லையை ஒருவரின் கண்ணுக்குள் வைத்தார். (எறிகணை இரும்பு அவ்வாறு சும்மா கிடப்பதில்லை, துருவேறி விழித்திரை வரை நஞ்சாக்கும்.) 1976இல் டெய்லர் என்ற வைத்தியர் விழிவெண்படல மாற்று, புரை அகற்றல், வில்லை பொருத்தல் ஆகிய மூன்றையும் ஒரே அமர்வில் செய்ததை எழுதினார். 'டிரிப்பிள் புரொசீஜர்' என்று அது பெயர் பெற்றது. முச்சிகிச்சை என்று நாம் சொல்லலாம். அதே 1976இல்தான் மதுரையில் டொக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். 1992இல் அந்நிறுவனத்தின் ஓரோலாப் தொழிற்சாலை, பணக்கார நாடுகளில் நூறு டொலருக்கு மேல் விற்ற வில்லையைப் பத்து டொலர் அளவில் செய்யத் தொடங்கியிராவிட்டால், முச்சிகிச்சையின் மூன்றாவது பகுதி தெற்காசிய ஏழைக்கு எட்டியிருக்காது.

சரி, விளைவு எப்படி? பொருத்தப்பட்ட விழிவெண்படலம் தெளிவாக நிற்பதைப் பொறுத்தவரை, தனியாகச் செய்தாலும் சேர்த்துச் செய்தாலும் பெரிய வேறுபாடில்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் கூறுகின்றன. வேறுபாடு கண்ணாடி இலக்கத்தில் இருக்கிறது. செயற்கை வில்லைக்கு என்ன வலு வேண்டும் என்பதைக் கணிக்க விழிவெண்படலத்தின் வளைவு தெரிந்திருக்க வேண்டும். முச்சிகிச்சையிலோ பழைய படலம் போய்விடும்; புதிய படலம் எப்படி வளையும் என்பது தையல்கள் எல்லாம் அகற்றப்பட்ட பின்னரே தெரியும். தலைமயிரிலும் மெல்லிய நைலோன் இழையில் பதினாறு தையல்கள் வரை இட்டு, அவற்றை ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்தே முற்றாக எடுப்பார்கள். ஆகவே வைத்தியர் ஊகித்தே வில்லையைத் தெரிவு செய்கிறார். ஊகம் பிசகினால் நோயாளிக்குத் தெளிந்த கண் இருக்கும், ஆனால் பல டயொப்டர் பிழையோடு இருக்கும். அதைவிட அஞ்சவேண்டியது, கண் திறந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள். பின்புற அழுத்தம் ஏறினால் உள்ளிருப்பவை மேலே தள்ளப்படும்; அரிதாக, குருதி பீறிட்டுக் கண்ணே இழக்கப்படும்.

இதனால் ஒரு சாரார் பிரித்தே செய்யவேண்டும் என்றனர். முதலில் விழிவெண்படலம். தையல் அகற்றியபின் அளந்து பார்த்து, சரியான வலுவுள்ள வில்லையுடன் புரைச் சிகிச்சை. இலக்கம் இம்முறையில் நன்றாக அமையும். ஆயினும் இரண்டாவது சிகிச்சையின் விலையை இரவல் படலம் செலுத்துகிறது. விழிவெண்படலத்தின் உட்படையிலுள்ள கலங்கள் மனிதரில் மீண்டும் பெருகுவதில்லை. வளர்ந்தவரின் கண்ணில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு அளவில் இருக்கும் அக்கலங்களே படலத்திலிருந்து நீரை வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருக்கின்றன. ஒவ்வொரு சத்திரசிகிச்சையும் அவற்றில் ஒரு பங்கை அழிக்கும். தவிர, மாற்றுக்குப் பின் நீண்டகாலம் விடும் ஸ்டீரோயிட் துளி புரையை முற்றவைக்கும். சேர்த்துச் செய்தவர் சில மாதங்களிலேயே ஓரளவு பார்வை பெறுவார். பிரித்துச் செய்தவர் இரண்டாண்டு காத்திருந்து நல்ல பார்வை பெறுவார். விவாதத்தின் சாரம் இவ்வளவுதான்.

இந்த விவாதம் முழுவதிலும் சொல்லாமல் விட்ட ஒரு முற்கோள் இருக்கிறது. நோயாளி திரும்பி வருவார் என்பதே அது.

திரும்பி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குச் சில எண்கள். அவுஸ்திரேலியா 1985இலிருந்து தன் நாட்டு விழிவெண்படல மாற்றுகளைப் பதிவேட்டில் வைத்து வருகிறது. அங்கே ஓராண்டு கழிந்தபின் ஏறக்குறைய 87 வீதமானவை தெளிவாக இருந்தன; ஐந்தாண்டு கழிந்தபின் 73 வீதமானவை. ஐதராபாத்திலுள்ள எல்.வி. பிரசாத் நிறுவனம் 1997இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் ஓராண்டில் ஏறக்குறைய 80 வீதம். ஐந்தாண்டில் 46 அல்லது 47 வீதம். அதுவும் திறமையில் உலகத்தரம் வாய்ந்த நிறுவனந்தான். நோயின் தன்மை வேறுபட்டது ஒரு காரணம். அவ்வாய்வே எடுத்துக்காட்டிய மற்றொன்று, வறியவர்களிடத்தில் மாற்றுப் படலம் பழுதாகும் வாய்ப்பு கூடுதல் என்பது. கண் சிவந்து, நொந்து, மங்கத் தொடங்கினால் அது நிராகரிப்பின் அறிகுறி. சில நாட்களுக்குள் வைத்தியரிடம் போனால் பெரும்பாலும் காப்பாற்றலாம். பஸ் காசுக்கு நெல் விற்கும்வரை காத்திருந்தால் முடியாது.

இப்போது இதனை வன்னியில் வைத்துப் பாருங்கள்.

1990இலிருந்து 2002 வரை வன்னிக்குள் பொருளாதாரத் தடை இருந்தது; மருந்துகளும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற்றே உள்ளே போயின. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோரில் பெரும் பகுதியினர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். கிளிநொச்சி வைத்தியசாலை அக்கராயனுக்குப் பெயர்ந்தது. மல்லாவியும் புதுக்குடியிருப்பும் தம்மால் இயன்றதைச் செய்தன. விழிவெண்படல மாற்றுக்கான வசதி எங்கும் இருந்ததில்லை. அதற்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். கொழும்புக்குப் போக வவுனியாவைக் கடக்க வேண்டும். வவுனியாவைக் கடக்க இரு தரப்பு அனுமதியும் 'பாஸ்' என்னும் அந்தத் துண்டுக் காகிதமும் வேண்டும். பழைய நாட்களில், பனிக்கட்டியில் வைத்த கண்ணை ஓரிரு நாட்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்பதால், கண் கிடைக்கும் வேளையில் நோயாளி பக்கத்தில் இருந்தாக வேண்டும். பாதுகாப்புத் திரவங்கள் வந்தபின் நான்கு நாட்கள் என்றும், பின்னர் இரு வாரம் வரை என்றும் அவகாசம் நீண்டது. வன்னி நோயாளிக்கு அந்த இரு வாரமும் பாஸ் வரிசையிலேயே கழிந்துவிடும்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தபோது செய்தி சேகரிக்க ஓமந்தையில் பலநாள் நின்றிருக்கிறேன். வரிசையில் கறுப்புக் கண்ணாடி அணிந்த முதியவர்கள் மிகுதியாக நின்றதை அப்போது நிருபர் எவரும் எழுதவில்லை. எல்லோருக்கும் அரசியல் செய்திதான் வேண்டியிருந்தது. அக்கராயன் பக்கத்து விவசாயி ஒருவர், வலது கண்ணில் சூடடிப்பில் விழுந்த பழைய பூவோடும் அதற்குப் பின்னால் முற்றிய புரையோடும், துண்டுகளை ஒரு பொலித்தீன் பையில் வைத்துக்கொண்டு நின்றார். கிளினிக்கில் இரண்டு சத்திரசிகிச்சை, இடையில் ஓராண்டுக்கு மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். இவரோ இரண்டையும் ஒரே நாளில் செய்து விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "டொக்டர் நல்ல மனுசன், தம்பி. ஆனா இந்தப் பாதை எத்தினை நாளைக்குத் திறந்திருக்கும் எண்டு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கண்ணாடி நம்பர் பிழைச்சாலும் வரம்பு தெரிஞ்சாப் போதும்."

சஞ்சிகைகளில் நான் பின்னர் வாசித்த எந்த வாதமும் இதனை விஞ்சியதில்லை. அளவு அட்டையில் கடைசி வரியை வாசிப்பது ஒரு வெற்றி, வரம்பில் விழாமல் நடப்பது இன்னொரு வெற்றி. முதலாவதற்குப் பிரித்துச் செய்வது நல்லது. இரண்டாவதற்கு முச்சிகிச்சை போதும். 2006 ஓகஸ்டில் முகமாலை மூடப்பட்டது. அதன் பின்னர் ஓமந்தையைக் கடப்பதும் மாதத்துக்கு மாதம் கடினமாயிற்று. திறந்திருந்தது நான்கு ஆண்டுகளும் சில மாதங்களுந்தான். 2002இலேயே தொடங்கிய ஒருவருக்குப் பிரித்துச் செய்யும் முறையும் கைகூடியிருக்கும். 2005இல் தொடங்கியவர் தையலோடு உள்ளே அகப்பட்டிருப்பார். நோயாளியின் கண்ணைப் பார்த்து இவ்விருவரையும் வேறுபடுத்த எந்த வைத்தியராலும் முடியாது.

2009இன் முதல் மாதங்களைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. இக்கட்டுரைக்கு வேண்டியது சிறு பகுதி. பெப்ரவரியிலிருந்து மே மாதத் தொடக்கம் வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளனிலிருந்தும் பின்னர் முள்ளிவாய்க்காலிலிருந்தும் காயப்பட்டவர்களையும் துணைவந்தோரையும் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏற்றிச் சென்றது. உயிர் போகும் காயமே முதலில் ஏற்றப்பட்டது. கண் பின்னால் நின்றது. அது முறையானதும்கூட. ஆனால் துளைபட்ட கண்ணுக்கு முதல் சில நாட்களே முக்கியம். அந்நாட்களில் தைக்கப்படாத காயங்கள் பின்னர் தழும்பாகவும் புரையாகவும் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தன.

போருக்குப் பின்னர் நடந்தவற்றில் நல்லனவும் உண்டு. புரைச் சிகிச்சை பெருமளவில் நடந்தது. சிங்கப்பூர், மலேசியா, பிரித்தானியா முதலிய நாடுகளிலுள்ள தமிழரின் உதவியோடு வடக்கின் வைத்தியசாலைகளில் இலவச முகாம்கள் நடைபெற்றன. வாசகர்களில் சிலர் பணம் அனுப்பியிருப்பீர்கள். நாடளாவிய 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நாற்பது வயதுக்கு மேற்பட்டோரில் 1.7 வீதத்தினர் பார்வையற்றோர் என்றும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம் புரை என்றும் கண்டனர். ஆகவே புரையை முதலில் கவனித்தது சரியே. ஆனால் முகாமில் வரிசையாக நிறுத்தி டோர்ச் அடித்துப் பார்க்கும்போது, பூவும் சேர்ந்திருக்கும் கண் ஒதுக்கிவைக்கப்படும். பூவின் ஊடாக வைத்தியருக்கு உள்ளே தெரியாது; புரையை மட்டும் எடுத்தும் பயனில்லை. அத்தகையவரின் கையில் கொழும்புக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்கப்படும்.

கொழும்பில் 2011இல் சிங்கப்பூரின் உதவியோடு அரசின் தேசியக் கண் வங்கி தொடங்கியது. 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தது. ஆக, பாதையும் உண்டு, படலமும் உண்டு. சிகிச்சையும் இதற்கிடையில் மாறிவிட்டது. ரொட்டர்டாமைச் சேர்ந்த கெரிட் மெலஸ் 1998இலிருந்து காட்டிய வழியில், முழுப் படலத்தையும் வெட்டாமல் பழுதான உட்படையை மட்டும் மாற்றும் முறைகள் பரவின. 'டீமெக்' என்று அதன் அண்மைய வடிவத்துக்குப் பெயர். தையலில்லை, திறந்த வானமில்லை, வளைவு மாறுவதும் மிகக் குறைவு. எனவே அதனோடு புரையையும் சேர்த்து எடுப்பதில் பழைய ஊகப்பிழை பெரும்பாலும் நீங்கிவிட்டது. அறுபது ஆண்டு விவாதம் அங்கே முடிந்தது எனலாம்.

ஆனால் யாருக்கு முடிந்தது? உட்படை தேயும் நோய் மேலை நாட்டு முதியவர்களிடம் பெருமளவில் காணப்படுவது. உமி குத்திய பூவும், சுண்ணாம்பு வெந்த பூவும், சிதறல் கிழித்த பூவும் படலத்தின் தடிப்பு முழுவதும் இறங்கியவை. அவற்றில் பலவற்றுக்கு இன்றும் சிர்ம் செய்த அதே வகை முழுத்தடிப்பு மாற்றுத்தான். அதே பதினாறு தையல், அதே ஒன்றரை ஆண்டு, அதே ஊகம்.

மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் விடவேண்டிய துளிமருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதும் உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகளின் மருந்தகங்கள் வெறுமையாகின. 2023இல் நுவரெலியா வைத்தியசாலையில் புரைச் சிகிச்சை பெற்றோர் சிலர், இறக்குமதியான ஸ்டீரோயிட் துளிமருந்து மாசுற்றிருந்ததால் பார்வை இழந்தனர். அதன்பின் துளிமருந்துக்கே அஞ்சுவோரைக் குறைகூற இயலாது. இரவல் படலம் உள்ளவருக்கோ அந்தத் துளியை நிறுத்துவதுதான் பேராபத்து.

2009இல் பத்துப் பன்னிரண்டு வயதாயிருந்தவர்களுக்கு இப்போது முப்பதை நெருங்கும் வயது. அவர்களில் ஒருவருக்கு இன்று பூவையும் புரையையும் சேர்த்து அகற்றிச் செயற்கை வில்லையும் வைத்தால், வில்லை ஆயுளுக்கும் இருக்கும், படலம் அப்படியில்லை. அவுஸ்திரேலியப் பதிவேட்டின்படியே பார்த்தாலும் பதினைந்து ஆண்டுகளில் பாதிக்கும் குறைவானவையே தெளிவாக நிற்கின்றன; இரண்டாவது, மூன்றாவது மாற்றுகளின் ஆயுள் முதலாவதிலும் குறுகியது. எனவே அவருக்கு, ஒரு தடவையா இரண்டு தடவையா என்ற பழைய கேள்வி, அறுபது வயதுக்குள் எத்தனை தடவை என்று மாறிவிடுகிறது. ஒவ்வொரு தடவைக்கும் தானமாக ஒரு கண் வேண்டும். சோதனைக்கும் தையல் அகற்றவும் கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பலமுறை போய்வர வேண்டும். நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு அதில் ஒவ்வொரு பயணமும் குறைந்தது இரண்டு நாட் சம்பளம்.